'நெஞ்சு வருத்தம்' என்று பதிந்தார்கள்

என் சின்னம்மாவின் இறப்பு அத்தாட்சிப் பத்திரம் இன்றும் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. இறப்பின் காரணம் என்ற இடத்தில் 'இருதய நோய்' என்று எழுதப்பட்டிருக்கிறது. சின்னம்மாவுக்கு இருதய நோய் இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டு அவவுடைய இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. அதை அவ யாருக்கும் சொல்லவில்லை. சட்டையில் ஈரம் ஊறத் தொடங்கிய பிறகுதான் அம்மாவுக்குத் தெரிய வந்தது. அப்போது 2006 ஓகஸ்ட் கடந்து ஏ-9 பாதை மூடப்பட்டிருந்தது. கொழும்புக்குப் போவதென்றால் அனுமதி எடுத்துக் கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டும். "எனக்காக ஏன் இவ்வளவு பாடு?" என்று சின்னம்மா மறுத்துவிட்டா. 2007இல் வீட்டிலேயே கண்ணை மூடினா.

மரணத்தைப் பதியப் போன மாமாவிடம் "என்ன வருத்தம்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் மார்பைப் பற்றி அந்நிய ஆண்களின் முன்னால் எப்படிச் சொல்வது? "நெஞ்சில வருத்தம்" என்று மாமா சொன்னார். எங்கள் ஊர்ப் பேச்சில் நெஞ்சு வருத்தம் என்றால் இருதய வருத்தம்தானே. அப்படியே எழுதிவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மார்புப் புற்றுநோயால் இறந்த ஒரு பெண் அரசாங்கத்தின் எந்தக் கணக்கிலும் இல்லாமற் போனா.

அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லின் பாரம் எனக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, சமூக சேவையாளராகப் புற்றுநோய் கிளினிக் ஒன்றுக்கு வரும் பெண்களோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. பஸ் செலவுக்கு உதவி, தங்குமிடம், பிள்ளைகளைப் பார்க்க ஆள் என்று எதைக் கேட்டுக் கடிதம் எழுதினாலும் மேலிடத்திலிருந்து வரும் முதற் கேள்வி, "உங்கட பகுதியில எத்தனை பேர் இருக்கினம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய புத்தகத்தின் பெயர்தான் புற்றுநோய்ப் பதிவேடு. அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு கதைக்கப் போகிறேன்.

பதிவேடு என்றால் என்ன?

வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் நோயாளர் புத்தகம் இருக்கிறதே, பிறகு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

இரண்டு விதமான பதிவேடுகள் உள்ளன. முதலாவது, வைத்தியசாலைப் பதிவேடு. அந்த வைத்தியசாலைக்கு வந்தவர்களை மட்டும் அது எழுதும். எத்தனை பேர் வந்தார்கள், என்ன சிகிச்சை கொடுத்தோம், எப்படி இருக்கிறார்கள் என்பதை அது சொல்லும். வராதவர்களைப் பற்றி அதற்குத் தெரியாது. இரண்டாவது, சனத்தொகை சார்ந்த பதிவேடு. ஒரு மாவட்டம் என்று எல்லை வகுத்தால், அந்த மாவட்டத்தில் நிரந்தரமாக வசிப்பவர்களில் யாருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டாலும், அவர் எங்கே சிகிச்சை பெற்றாலும், சிகிச்சையே பெறாவிட்டாலும், அவரைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும். கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்தவரும் அதில் வர வேண்டும். வீட்டில் இறந்துபோன என் சின்னம்மாவும் வர வேண்டும்.

வீட்டில் ஒரு கொண்டாட்டம் என்றால் எத்தனை பேருக்கு என்று தெரியாமல் நாங்கள் உலை வைப்பதில்லை. முற்றத்தில் வந்து இருப்பவர்களை மட்டும் எண்ணினால் போதாது. வர முடியாமல் வீட்டில் கிடக்கும் பாட்டிக்கும் சோறு அனுப்ப வேண்டும். சனத்தொகைப் பதிவேடு அந்தப் பாட்டியையும் எண்ணுகிறது.

மூன்று தாதியர் தொடங்கிய வேலை

இந்த வேலை எங்கே தொடங்கியது என்று தேடியபோது எனக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி கிடைத்தது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1926இல் புற்றுநோயாளரைப் பின்தொடரும் ஒரு சேவை ஆரம்பிக்கப்பட்டது. மூன்று தாதியர் வைத்தியசாலைகளுக்கும் வைத்தியர்களிடமும் ஒழுங்காகப் போய், புதிய நோயாளரின் பெயர்களை எழுதி வந்து, நகரச் சுகாதாரத் திணைக்களத்தில் இருந்த அட்டைத் தொகுதியில் சேர்த்தார்கள். பிறகு அந்த அட்டைகளை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். இன்று கணினியில் செய்யப்படுவதும் அடிப்படையில் அதே வேலைதான்.

நாடு முழுவதற்குமான பதிவேட்டை டென்மார்க் 1942இல் தொடங்கியது. நோர்வேயில் 1952 முதல் வைத்தியர்கள் புற்றுநோயை அறிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. 1965இல் பிரான்சின் லியோன் நகரைத் தளமாகக் கொண்டு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் உருவானது. அதன் பிறகு உலகெங்கும் உள்ள பதிவேடுகள் ஒரே விதிகளின்படி எழுதப்பட்டு ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியனவாக ஆயின.

பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையின் கதையைப் பெண்களாகிய நாங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தைச் சுமந்தே அவர் பல ஆண்டுகள் பாடுபட்டு, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தை ஆரம்பித்தபோது, சென்னை நகரத்துக்கான பதிவேடு அந்த நிலையத்தில்தான் அமைந்தது. 1982 ஜனவரியிலிருந்து தரவுகள் சேர்க்கப்பட்டன. அந்த நிலையத்தைப் பல தசாப்தங்கள் கட்டி வளர்த்தவரும் டாக்டர் வி. சாந்தா என்ற ஒரு பெண்மணிதான். அவர் 2021இல் காலமானார்.

அங்கே வைத்தியசாலைகள் தாமாகவே விபரங்களை அனுப்பும் என்று காத்திருக்கவில்லை. பயிற்றப்பட்ட சமூகப் புலனாய்வாளர்கள் வைத்தியசாலை வைத்தியசாலையாகவும் ஆய்வுகூடம் ஆய்வுகூடமாகவும் ஏறி இறங்கினார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். 2012இல் தமிழ்நாடு முழுவதற்குமாக இந்த வேலை விரிவாக்கப்பட்டது. இத்தனை ஆண்டுப் பொறுமையின் பயன் என்ன தெரியுமா? 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து வருவதையும், மார்புப் புற்றுநோய் கூடி அதனை முந்திவிட்டதையும் பதிவேடு காட்டியது. வருடாவருடம் ஒரே விதமாக எண்ணியிராவிட்டால் இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் நாட்டில்

இலங்கையில் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 1980இல் ஆரம்பிக்கப்பட்டது. 1985இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. அந்தக் காலத்தில் புற்றுநோய் என்றால் மகரகமதான். ஆகவே அங்கே வந்தவர்களின் எண்ணிக்கையே பெருமளவில் நாட்டின் எண்ணிக்கையாக இருந்தது. பின்னர் கண்டி, கராப்பிட்டிய, பதுளை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று மாகாணங்களிலும் சிகிச்சை நிலையங்கள் வளர்ந்தபோது அங்கிருந்தும் விபரங்கள் சேர்க்கப்பட்டன. நோயியல் ஆய்வுகூடங்களின் அறிக்கைகளும் சேர்ந்தன. 2012ஆம் ஆண்டுத் தரவுகளோடு கொழும்பு மாவட்டத்துக்கு முதன்முறையாக ஒரு சனத்தொகை சார்ந்த பதிவேடு அமைந்தது.

வடக்கைப் பொறுத்தவரை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து நிதி திரட்டியதையும், அந்த நிதி தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதவியதையும் நீங்கள் அறிவீர்கள். அந்த வசதி வருவதற்கு முன்னர் எத்தனை பேர் சின்னம்மாவைப் போலப் பயணத்துக்குப் பயந்தே வீட்டில் இருந்துவிட்டார்கள்! அவர்கள் எவரும் வைத்தியசாலைப் பதிவேட்டில் இல்லை.

ஒரு பெயர், மூன்று எழுத்து

பதிவேட்டு அறைக்குள் நான் முதலில் போனபோது ஏமாந்துதான் போனேன். ஏதோ பெரிய ஆராய்ச்சிக்கூடம் என்று நினைத்திருந்தேன். ஒரு மேசை, ஒரு கணினி, கூரை வரை அடுக்கிய கோவைகள், அவ்வளவுதான். அங்கே வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கிளினிக் முடிந்த பின்னர் கோவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நோயாளரின் பெயர், வயது, பால், இனம், நிரந்தர முகவரி, நோய் கண்டறியப்பட்ட திகதி, நோய் எந்த உறுப்பில், எந்த வகைக் கலம், எதைக் கொண்டு உறுதி செய்தார்கள் என்று நிரப்பிக்கொண்டிருந்தா.

இவை அனைத்தும் உலகப் பொதுவான குறியீடாக மாற்றப்படும். மார்பு என்றால் சி 50. அதிலும் மார்பின் மேற்புற வெளிப்பகுதி என்றால் சி 50.4. கருப்பைக் கழுத்து சி 53. கலத்தின் வகைக்கு வேறு நான்கு இலக்கம். அதன் பின்னால் ஒரு கோடு போட்டு இன்னோர் இலக்கம் வரும். 0 என்றால் தீங்கற்ற கட்டி. 2 என்றால் தோன்றிய இடத்தைவிட்டு இன்னும் பரவாதது. 3 என்றால் பரவக்கூடிய புற்றுநோய். ஒரு இலக்கம் பிழைத்தால் ஒரு பெண்ணின் வருத்தமே மாறிவிடும். "அக்கா, ரிப்போட்டில இருக்கிறதைத்தான் எழுதோணும். ஊகிச்சு எழுதக் கூடாது" என்று அந்தத் தங்கச்சி எனக்குச் சொல்லித் தந்தா.

மிகப் பெரிய தொல்லை, ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவது. எங்கள் நாட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஒரு வைத்தியசாலையில் தமிழில், இன்னொன்றில் சிங்களத்தில், ஆய்வுகூட அறிக்கையில் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. சரஸ்வதி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, எங்கள் பெண்களின் இரண்டாவது பெயர் ஓரிடத்தில் தகப்பனுடையது, மற்ற இடத்தில் கணவனுடையது. ஒரே அம்மா பயொப்சி அறிக்கையில் ஒருவராகவும், சத்திரசிகிச்சைக் கோவையில் இன்னொருவராகவும், கதிர்வீச்சுப் பகுதியில் மூன்றாமவராகவும் ஆகிவிடுவா.

இங்கே கைகொடுப்பது தேசிய அடையாள அட்டைதான். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500ஐக் கூட்டியிருப்பார்கள். ஆக, பெயர் எப்படி எழுதப்பட்டாலும் அந்த இலக்கம் ஆளைக் காட்டிக் கொடுக்கும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கங்கள். ஆனால் இடம்பெயர்வில் அட்டையைத் தொலைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர்! வயதைக் கேட்டால் "சூறாவளி அடிச்ச வருசம் எனக்குப் பத்து வயசு" என்பார்கள். 1964இலா 1978இலா என்று ஊரையும் விசாரித்துக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான்.

முகவரி இன்னொரு சிக்கல். சிகிச்சைக்காகச் சொந்தக்காரர் வீட்டில் ஆறு மாதம் தங்குபவர் அந்த வீட்டு முகவரியையே கொடுப்பார். அதை அப்படியே எழுதினால் கிளிநொச்சியின் நோயாளி கொழும்பின் கணக்கில் ஏறிவிடுவார். கிளிநொச்சியில் நோய் இல்லை என்றாகிவிடும். ஆகவே, "அம்மா, உங்கட சொந்த இடம் எது?" என்று கேட்க வேண்டும். நான் கேட்ட ஒரு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எதைப் பிள்ளை சொல்ல? பிறந்த இடமோ, கலியாணம் முடிச்ச இடமோ, முகாமோ, இப்ப வீட்டுத்திட்டம் தந்த இடமோ?" என்று திருப்பிக் கேட்டா. படிவத்தில் அதற்கு ஒரு வரிதான் இருந்தது. நோய் கண்டறியப்பட்டபோது வழமையாக வசித்த இடம் என்பதே விதி. வீட்டுத்திட்ட முகவரியை எழுதினேன்.

எத்தனை பேரில் எத்தனை பேர்?

நோயாளரை மட்டும் எண்ணினால் போதாது. எத்தனை பேரில் இத்தனை பேர் என்று தெரிய வேண்டும். 1981க்குப் பின்னர் 1991இல் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் நடந்தபோது 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ண முடிந்தது. வடக்கு கிழக்கின் பெரும்பகுதி விடுபட்டது. நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது 2012இல்தான். அதன் பிறகு 2024இல் நடந்தது. அதாவது, 30 வருடங்களாக எங்கள் மாவட்டங்களில் நோயாளரையும் சரியாக எண்ணவில்லை, ஆட்களையும் சரியாக எண்ணவில்லை.

"யுத்தத்துக்குப் பிறகு எங்கட ஊரில கான்சர் கூடிப்போச்சு. செல்லும் குண்டும் போட்ட நஞ்சுதான்" என்று மாதர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். வேறு சிலர் கிணற்றுத் தண்ணீர் என்பார்கள், சிலர் உரம், மருந்தடி என்பார்கள். இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் "ஓம்" என்று தலையாட்டவும் முடிவதில்லை. முன்பு வைத்தியசாலை இல்லாததால் பதியப்படாதவர்கள் இப்போது பதியப்படுகிறார்கள். அதனாலும் எண்ணிக்கை கூடும். இளம் பிள்ளைகள் வெளிநாடு போக, ஊரில் வயதானவர்கள் மிஞ்சினால், வயதோடு வரும் நோயாகிய புற்றுநோய் அங்கே அதிகமாகத் தெரியும். இதனால்தான் வயதுக்கேற்பச் சீராக்கிய வீதம் என்ற ஒன்றை, ஒரு இலட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று கணிக்கிறார்கள். அந்தக் கணக்கை வருடாவருடம் வைத்திருந்தால்தான் உண்மையில் கூடியதா, எந்த உறுப்பில் கூடியது, எந்தப் பிரதேசத்தில் கூடியது என்று பார்த்து, காரணத்தைத் தேடப் போகலாம். பதிவேடு இல்லாத இடத்தில் வதந்திக்குத்தான் வேலை.

நான் செய்த பிழை

பதிவேட்டின் நன்மைகளை மட்டும் சொல்லிக்கொண்டு போவது நேர்மையல்ல. அதில் இருப்பது ஒரு பெண்ணின் இரகசியம். அதை நான் ஒருமுறை உடைத்தேன்.

ஒரு அம்மா இரண்டு கிளினிக்குக்கு வரவில்லை. அவ எப்படி இருக்கிறா என்று அறிந்து கோவையில் எழுத வேண்டியிருந்தது. தந்திருந்த இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். ஒரு இளம் பெண் குரல். மகள்தான் என்று நினைத்து, "கான்சர் கிளினிக்கில இருந்து கதைக்கிறன், அம்மா ஏன் வரேல்லை?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அது அம்மாவின் மகளல்ல, மகளைப் பெண் கேட்டு வந்திருந்த வீட்டுப் பிள்ளை. அம்மா தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தபோது மணி அடிக்க, அந்தப் பிள்ளை எடுத்திருக்கிறா.

சம்பந்தம் பேச்சோடு நின்றுபோனது. என்னால்தானா, வேறு காரணமா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா நான்கு மாதம் கிளினிக் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நிறுத்தி வைத்தே, "என்னைப் பற்றி எழுதினதை எல்லாம் வெட்டிவிடுங்கோ. என்ர பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு" என்று சொன்னா. நான் திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மூன்றாம் முறைதான் உள்ளே கூப்பிட்டா. அதுவும் நான் தனியாக வந்ததால், முச்சக்கர வண்டியைத் தெரு முனையில் விட்டுவிட்டு நடந்து வந்ததால். பிறகு கிளினிக்குக்கும் வந்தா. வருத்தம் கொஞ்சம் முற்றித்தான் இருந்தது. அந்த நான்கு மாதத்துக்கு நான் பொறுப்பாளி.

அன்றிலிருந்து நான் ரெலிபோனில் "இன்னாரோடு கதைக்கலாமா?" என்று மட்டுமே கேட்பேன். அவரே குரல் கொடுக்கும் வரை எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்வதில்லை. பதிவேட்டின் விதியும் அதுதான். பெயரும் அடையாள இலக்கமும் எழுதப்படுவது ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாதிருக்க மட்டுமே. அறிக்கையாக வெளிவரும்போது எவருடைய பெயரும் இருக்காது. இத்தனை வயதுப் பெண்கள், இந்த மாவட்டம், இந்த உறுப்பு, இத்தனை பேர் என்பதே இருக்கும். கோவை பூட்டிய அலுமாரிக்குள் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரோ தொழிலோ சொல்லி ஆளை அடையாளம் காட்டவும் கூடாது. இந்த நம்பிக்கை உடைந்தால் பெண்கள் ஒளிந்துகொள்வார்கள். அவர்கள் ஒளிந்தால் பதிவேடும் குருடாகும், அவர்களுடைய உயிரும் போகும்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

எங்கள் நாட்டின் பதிவேடு பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்லும் சேதி இது: பெண்களிடையே முதலிடத்தில் இருப்பது மார்புப் புற்றுநோய். அடுத்து அதிகம் காணப்படுவது தைரொயிட் புற்றுநோய். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் முன்வரிசையிலேயே உள்ளது. ஆண்களிடையே முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. இதில் பெரும்பகுதி வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு சம்பந்தப்பட்டது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேச முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியது. "நான் பொயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்லும் ஆச்சிமாருக்கும், கொழுந்து பறிக்கும்போது வாயில் அடக்கிக்கொள்ளும் மலையகச் சகோதரிகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு எதிராக நாடு செய்தவையும் உண்டு. 1996இல் சுகவனிதையர் கிளினிக் ஆரம்பிக்கப்பட்டது. 35 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனையும் மார்புப் பரிசோதனையும் அங்கே இலவசமாகச் செய்யப்படுகின்றன. பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டனர். 2016இல் புகைக்காமல் மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனை தடைசெய்யப்பட்டது. 2017இல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையிலேயே போடத் தொடங்கினார்கள். அந்த ஊசி பலன் தந்ததா என்று இன்னும் இருபது முப்பது வருடத்தில் யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப்போவதும் இந்தப் பதிவேடுதான். இன்று தரம் 6இல் படிக்கும் பிள்ளை நாற்பது வயதில் சுகமாக இருந்தால், அந்தச் சுகத்தையும் அது எழுதும். வராத நோய் எண்ணிக்கையில் ஒன்று குறைவதாகத் தெரியும்.

நாங்கள் செய்யக்கூடியவை

பதிவேடு அரசாங்கத்தின் வேலை, எங்களுக்கு என்ன என்று இருந்துவிடாதீர்கள். அந்தப் புத்தகம் சரியாவதும் பிழைப்பதும் எங்கள் வீட்டு வாசலில்தான்.

கிளினிக்குக்குப் போகும்போது அடையாள அட்டையையும் பழைய கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். எங்கே போனாலும் ஒரே பெயரையே கொடுங்கள். தங்கியிருக்கும் முகவரியையும் சொந்த முகவரியையும் இரண்டாகச் சொல்லுங்கள். பயொப்சி அறிக்கையைத் தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்திருந்தால் பிரதியை வைத்தியரிடம் காட்டுங்கள். கேள்வி கேட்பவர் எதற்குக் கேட்கிறார், யார் பார்ப்பார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால், துயரத்தின் நடுவே இது கஷ்டமான காரியம்தான், ஆனாலும் கிளினிக் கொப்பியைக் கிராம அலுவலரிடமும் பதிவாளரிடமும் காட்டுங்கள். 'நெஞ்சு வருத்தம்', 'வயிற்று வருத்தம்', 'முதுமை' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

சென்ற வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா போய்ச் சேர்ந்தா. இரண்டு வருடம் சிகிச்சை பெற்றுப் பிறகு வீட்டிலேயே இறந்தவ. மரணத்தைப் பதியத் தம்பி புறப்பட்டபோது, அக்காவின் தாயார் உள்ளே போய், உறையில் சுற்றி வைத்திருந்த கிளினிக் கொப்பியை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தா. "இதில என்ன இருக்கோ அதை அப்படியே எழுதச் சொல்லு. என்ர பிள்ளை ஒண்டும் களவெடுக்கேல்லை, ஒளிக்க" என்றா.

அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவ. நான் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தும் சொல்லத் தெரியாமல் இருந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டா. அன்று மாலை வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து சின்னம்மாவின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் உள்ளதை இனி மாற்ற முடியாது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் இறந்த அக்கா எங்கள் மாவட்டத்தின் கணக்கில் ஒருவராக இருக்கிறா. இனி "உங்கட பகுதியில எத்தனை பேர்?" என்று யாராவது கேட்கும்போது சொல்லப்படும் இலக்கத்துக்குள் அவவும் இருப்பா.